எல்லோருக்குமான வளாகம்: அளந்து, மனு கொடுத்து, கேட்டு வாங்கிய அனுபவம்

சக்கர நாற்காலியில் வரும் மாணவர்கள் யார் உதவியும் இல்லாமல் நூலகத்துக்குள் போக வழி வேண்டும் என்று எங்கள் பல்கலைக்கழகத்தில் மனு கொடுத்தோம். "சாய்தளம்தான் இருக்கிறதே" என்று பதில் வந்தது. இருந்தது உண்மைதான். ஆனால் அதில் ஏற, பின்னால் ஒருவர் முழு பலத்தோடு தள்ள வேண்டும்.

அப்புறம்தான் அளவு நாடாவோடு போனோம். எங்கே அளக்க வேண்டும் என்று காட்டியது, தினமும் அந்த வழியில் வரும் என் வகுப்புத் தோழி. சாய்தளத்துக்குப் பல நாடுகளில் பின்பற்றும் அளவு 1:12, அதாவது ஒரு அடி உயரம் ஏற 12 அடி நீளம். நூலக வாசலில் மூன்று படிகள், மொத்தம் 45 செ.மீ. உயரம். அப்படியானால் சாய்தளம் 5.4 மீட்டர் இருக்க வேண்டும். இருந்ததோ 2 மீட்டர் சொச்சம். மேலே போனால் கதவு வெளிப்பக்கம் திறக்கிறது. அதை இழுத்துத் திறக்க நாற்காலி கொஞ்சம் பின்வாங்க வேண்டும், பின்னாலோ சரிவு. தோழி செய்து காட்டிய பிறகுதான் கட்டடப் பொறியாளருக்கே இது புரிந்தது.

அளவுகளையும் படங்களையும் ஒரே தாளில் வைத்துக் கொடுத்ததும் பேச்சு மாறியது. "எதற்கு?" என்ற கேள்வி போய் "எந்த நிதியில்?" என்ற கேள்வி வந்தது. கோப்பு மேசை மேசையாக நகர்ந்தது, நாங்களும் பின்னாலேயே நடந்தோம்.

இதற்கிடையில் பார்வையற்ற மாணவர் ஒருவர் எங்களோடு சேர்ந்தார். அவருக்குப் படிகள் பிரச்சினை இல்லை, பாடக் குறிப்புகள்தான். எல்லாம் ஸ்கேன் செய்த பிடிஎஃப். திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படித்துச் சொல்லும் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் ஸ்கேன் செய்த பக்கம் அவற்றுக்கு வெறும் படம்தான். ஒரு பேராசிரியரின் அறையிலேயே மடிக்கணினியைத் திறந்து காட்டினார். திரை நிறைய பாடம், கணினியோ பக்கம் காலி என்றது. தட்டச்சு செய்த மூலக் கோப்பைப் பேராசிரியர் அன்றைக்கே அனுப்பிவிட்டார். செலவே இல்லாத மாற்றம். இதை ஏன் எல்லாத் துறைகளுக்கும் விதியாக்கக் கூடாது என்று கேட்டோம்.

அதற்காக ஒரு குழு அமைத்தார்கள். முதல் பட்டியலில் மாற்றுத்திறனாளி ஒருவர்கூட இல்லை. எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்காக 2006இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையின் 4ஆம் பிரிவு, அவர்கள் தொடர்பான முடிவுகளை அவர்களைக் கலந்தே எடுக்க வேண்டும் என்கிறது. அந்தப் பிரிவை அப்படியே மேற்கோள் காட்டி எழுதினோம். தோழியும் அந்த மாணவரும் குழுவில் சேர்க்கப்பட்டார்கள், வாக்குரிமையோடு.

புதிய சாய்தளம் வந்துவிட்டது, மேலே நாற்காலி திரும்பச் சமதளத்தோடு. கருத்தரங்குகளுக்குச் சைகைமொழிப் பெயர்ப்பாளர் கேட்ட மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் அதை எடுத்துப் பேசப்போவது காது கேளாத ஒரு மாணவி. தாள்களைத் தயார் செய்து கொடுப்பது எங்கள் வேலை.