ஒரு கிளியும் நான்கு அட்டவணைகளும்: வன உயிரினச் சட்டப் பயிற்சியை முடித்த கதை

பதினாறு ஆண்டுகளாகக் குற்றவியல் வழக்குகளையே நடத்தி வந்த எனக்கு, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தைத் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் ஒரு பச்சைக்கிளி. வீட்டில் கூண்டில் வைத்துக் கிளிகளை விற்றதாகக் கைதான ஒருவருக்காகப் பிணை கேட்டு வாதிட்டபோது, உயிரினங்களைப் பாதுகாப்பு நிலைப்படி பிரிக்கும் சட்ட அட்டவணைகளில் அந்தப் பறவை நான்காம் அட்டவணையில்தான் வருகிறது, எனவே இது கடுமையான குற்றமல்ல என்று பையில் இருந்த புத்தகத்தைப் பார்த்தே சொன்னேன். உதவி அரசு வழக்கறிஞர் எழுந்து, அது பழைய சட்டம் என்றார். 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபின் ஆறு அட்டவணைகள் நான்காகச் சுருங்கிவிட்டன என்றும், பச்சைக்கிளி இப்போது இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது என்றும் அவர் நிதானமாக விளக்கினார். பிணை கிடைத்துவிட்டது. ஆனால், வழக்கொழிந்த அட்டவணையைக் காட்டி வாதிட்ட அந்த ஐந்து நிமிடங்கள் வெகு நாள் உறுத்தின.

நம் நாட்டில் வழக்கறிஞர்களுக்குத் தொடர் சட்டக் கல்வி கட்டாயமில்லை. பதிவு செய்துகொண்ட நாளோடு படிப்பு முடிந்தது என்று இருந்துவிட்டாலும் கேட்பாரில்லை. ஆகவே நானாகத் தேடி, எட்டுச் சனிக்கிழமைகள் இணையவழியிலும் கடைசி இரண்டு நாட்கள் நேரிலும் நடக்கும் ஒரு பயிற்சியில் சேர்ந்தேன். உடன் படித்த முப்பது பேரில் பாதிக்கு மேல் இளம் வழக்கறிஞர்கள். மற்றவர்கள் வனத்துறை அலுவலர்கள், இரண்டு கால்நடை மருத்துவர்கள். இந்தக் கலவைதான் பயிற்சியின் பெரிய பலம் என்பது பிறகு தெரிந்தது, ஏனென்றால் நாங்கள் பிரிவுகளைப் பற்றிக் கேட்ட நேரத்தில் அவர்கள் பல்லையும் நகத்தையும் செதிலையும் பற்றிப் பேசினார்கள்.

முதல் வகுப்பு சோதனையாக இருந்தது. வனவிலங்கு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கை 1973இல் வாஷிங்டனில் கையெழுத்தானதிலிருந்து தொடங்கி, 1975இல் நடைமுறைக்கு வந்து, மறு ஆண்டு இந்தியா சேர்ந்தது வரை இரண்டு மணி நேரம் வரலாறாகவே ஓடியது. பாதியில் எழுந்து தேநீர் போடப் போனவர்களில் நானும் ஒருவன். ஆனால் அந்த உடன்படிக்கையின் உயிரினப் பட்டியல்களான பின்னிணைப்புகள்தாம் இப்போது நம் சட்டத்தின் நான்காம் அட்டவணை என்பதைப் பயிற்றுநர் கடைசி பத்து நிமிடத்தில் சொன்னபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். கிளி இனங்களை ஒட்டுமொத்தமாகப் பின்னிணைப்புகளில் சேர்த்திருக்கும் உடன்படிக்கை, நான்கு இனங்களுக்கு மட்டும் விலக்குத் தருகிறது. அவற்றில் ஒன்று நம் பச்சைக்கிளி. அதாவது, நான் நீதிமன்றத்தில் அழுத்தந்திருத்தமாகச் சொன்ன ‘நான்காம் அட்டவணை’யில், இன்றைய நிலையில், என் கட்சிக்காரரின் கிளி கிடையவே கிடையாது.

மூன்றாம் வாரத்தில் அட்டவணைகளை மட்டுமே வைத்து ஒரு முழு வகுப்பு நடந்தது. முதலாம் அட்டவணைக்கு மிக உயர்ந்த பாதுகாப்பு, இரண்டாவதற்கு அதற்கடுத்த நிலை, மூன்றாவது தாவரங்களுக்கு என்று மேலோட்டமாகச் சொல்லிவிட்டால் இரண்டு நிமிட வேலைதான். ஆனால் பயிற்றுநர் ஒவ்வொருவருக்கும் ஐந்து உயிரினங்களின் ஊர்ப்பெயரை மட்டும் கொடுத்து, அவை எங்கே வருகின்றன என்று கண்டுபிடிக்கச் சொன்னார். ஊர்ப்பெயர் ஒன்றுக்கு இரண்டு மூன்று இனங்கள் பொருந்தும். அட்டவணையோ அறிவியல் பெயரில் நிற்கிறது. ‘ஆமை’ என்று பறிமுதல் விவரத்தைப் பதியும் மகஜரில் எழுதிவிட்டால் அது எந்த ஆமை என்பது தெரியாது, எந்த ஆமை என்பது தெரியாவிட்டால் எந்தத் தண்டனை என்பதும் தெரியாது. அன்றிலிருந்து என் குறிப்பேட்டில் ஊர்ப்பெயர், அறிவியல் பெயர், பழைய அட்டவணை, புதிய அட்டவணை என்று நான்கு கட்டங்கள் போட்டு நிரப்பி வருகிறேன்.

பழைய அட்டவணை, புதிய அட்டவணை என்ற இரண்டு கட்டங்களும் ஏன் சேர்ந்து இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு கனமான காரணம் இருக்கிறது. குற்றம் நடந்த நாளில் சட்டம் விதித்திருந்த தண்டனையைவிடக் கூடுதலாக யாருக்கும் தண்டனை தரக் கூடாது என்கிறது அரசமைப்பின் 20(1)ஆம் கூறு. பழைய நான்காம் அட்டவணைக் குற்றத்திற்கு மூன்று ஆண்டு வரை சிறை அல்லது 25,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்றிருந்தது. அதே உயிரினம் முதலாம் அட்டவணைக்கு உயர்த்தப்பட்டிருந்தால், இன்று குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறையோடு 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. சம்பவ நாளைப் பார்க்காமல் புதிய அட்டவணையைப் பொருத்தினால் கட்சிக்காரருக்கு அநியாயம். பழையதைப் பொருத்தினால், நான் பட்ட அவமானம்.

நேரில் நடந்த முதல் நாள் காலையை மறக்க முடியாது. தந்தத்தின் குறுக்குவெட்டை அச்சிட்ட இரண்டு தாள்களையும் பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் பாகைமானி ஒன்றையும் ஒவ்வொரு மேசையிலும் வைத்திருந்தார்கள். தந்தத்தின் உட்பரப்பில் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் மெல்லிய கோடுகள் உண்டு; ஷ்ரேகர் கோடுகள் என்பார்கள். ஓரத்தை ஒட்டிய கோடுகள் வெட்டிக்கொள்ளும் கோணங்களின் சராசரி இன்றைய யானையில் 115 பாகைக்கு மேலும், அழிந்துபோன மாமத் யானையில் 90 பாகைக்குக் கீழும் இருக்கும். ஒரே ஒரு கோணத்தை அளந்து முடிவு சொல்லக் கூடாது, பல இடங்களில் அளக்க வேண்டும் என்று எச்சரித்தார்கள். பென்சிலால் கோட்டை நீட்டி, பாகைமானியை வைத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நான் அளந்த முதல் தாளில் சராசரி 120 வந்தது. பக்கத்தில் இருந்த வனவர் கையிலிருந்த தாளில் 80ஐ ஒட்டி வந்தது. பிறகு பயிற்றுநர் கேட்டார்: ‘இவற்றில் எதை விற்றால் குற்றம்?’ பெரும்பாலோர் யானையை மட்டும் சொன்னோம். சைபீரியப் பனியிலிருந்து தோண்டியெடுக்கப்படும், ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்ட விலங்கின் தந்தத்தை எந்தச் சட்டம் காக்கும் என்பது எங்கள் நியாயம்.

2003இல் பல்ராம் குமாவத் வழக்கில் உச்ச நீதிமன்றத்திடம் வைக்கப்பட்ட வாதமும் ஏறக்குறைய இதுதான். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தடை, தந்தத்தின் வணிகத்தின் மீதானது, மாமத் தந்தம் என்ற பெயரில் கதவைத் திறந்துவிட்டால் உயிரோடு இருக்கும் யானையைக் காக்கும் நோக்கமே தோற்றுவிடும் என்ற வழியில் தீர்ப்பு சென்றது. அரை மணி நேரம் பாகைமானியோடு போராடிவிட்டு, அந்த வேறுபாடு சட்டத்தின் கண்ணுக்குப் பொருட்டல்ல என்று கேட்டபோது அரங்கமே சிரித்தது. ஆனால் மறு நிமிடமே பயிற்றுநர் நேரெதிரான உதாரணத்துக்குப் போனார். ‘புலி நகம்’ என்று பறிமுதல் செய்யப்படும் பொருள்களில் மாட்டுக் கொம்பிலும் எலும்பிலும் செதுக்கிய போலிகளும் உண்டு. ஆய்வக அறிக்கை அப்படி வந்துவிட்டால் புலியைக் காட்டித் தொடுத்த வழக்கு நிற்காது. ஓரிடத்தில் பொருள் எது என்பது முக்கியமில்லை, இன்னோரிடத்தில் அதுவே எல்லாம். இதைப் புத்தகத்தில் படித்திருந்தால் எனக்கு இப்படிப் பதிந்திருக்காது.

நடைமுறைச் சட்டம் பற்றிய வகுப்புகளில் 55ஆம் பிரிவுக்கே அதிக நேரம் போயிற்று. அதிகாரம் பெற்ற அலுவலரின் புகார் மீதோ, அறுபது நாள் முன்னறிவிப்புக் கொடுத்த தனிநபரின் புகார் மீதோதான் நீதிமன்றம் இந்தச் சட்டத்தின்கீழ் ஒரு குற்றத்தை விசாரணைக்கு ஏற்க முடியும் என்பதால், கோப்பில் இருப்பது காவல்துறையின் குற்றப்பத்திரிகை மட்டுமா என்று முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆனால் இதை வைத்துத் துள்ளிவிடவும் கூடாது. யானையைக் கொன்று தந்தம் எடுத்ததாக எழுந்த முராத் அலி கான் வழக்கில், காவல்துறை தனியாகப் புலன்விசாரணை நடத்துவதால் வனத்துறையின் புகார் செல்லாமல் போய்விடாது என்று 1988இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதேபோல், உதவி வனப் பாதுகாவலர் நிலையிலான அலுவலர் 50(8)இன்கீழ்ப் பதிவுசெய்யும் சாட்சியம், குற்றம் சாட்டப்பட்டவரின் முன்னிலையில் எடுக்கப்பட்டிருந்தால்தான் பின்னர் நீதிமன்றத்தில் செல்லும். குற்றம் சாட்டப்பட்டவரின் கையெழுத்து எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் எனக்கு அங்கேதான் வந்தது.

கடைசி நாள் மாதிரி வாதம். எறும்புத்தின்னிச் செதில்கள் பிடிபட்ட வழக்கில் எனக்கு அரசுத் தரப்பு. வாழ்நாளில் முதன்முறையாகப் பிணையை எதிர்க்க வேண்டிய நிலை. முதலாம் அட்டவணை உயிரினம், எனவே 51ஏ பிரிவின்படி பிணை தருவதற்குத் தடை இருக்கிறது என்று உரத்த குரலில் தொடங்கினேன். நீதிபதி இடத்தில் அமர்ந்திருந்தவர் ஓய்வுபெற்ற நீதித்துறை அலுவலர். பிரிவை முழுவதும் வாசியுங்கள் என்றார். வாசித்துக்கொண்டே போனவன், ‘இச்சட்டத்தின்கீழ் முன்னர்த் தண்டிக்கப்பட்ட’ என்ற பொருளில் வரும் இடத்தில் நின்றுவிட்டேன். கொடுத்த கோப்பில் முன்தண்டனை எதுவும் இல்லை. எதிர்த்தரப்பில் நின்ற இளைய வழக்கறிஞர் ஒரு வார்த்தையும் பேச வேண்டியிருக்கவில்லை.

எழுத்துத் தேர்வில் நூற்றுக்கு 68 வாங்கினேன். உடன்படிக்கைப் பகுதியில்தான் மதிப்பெண் போயிற்று, அது தேநீர் போடப் போனதன் விலை. சேர நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: முதல் வகுப்புக்கு முன்பே 2022 திருத்தச் சட்டத்தை அச்சிட்டு, பழைய சட்டத்தின் பக்கத்தில் வைத்து ஒருமுறை வாசித்துவிடுங்கள். திருத்திய பதிப்பை வாங்கியதும் என் ஜூனியர் பழைய புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்து அலமாரியில் வைக்கப் போனார். வேண்டாம் என்று திரும்ப வாங்கிக்கொண்டேன். 2023 ஏப்ரலுக்கு முந்தைய சம்பவங்களில் இரண்டு வழக்குகள் இன்னும் வாய்தாவில் இருக்கின்றன.