தங்கத்துக்கு ஏது ஆற்றல் இடைவெளி?

"தங்க நானோ துகள்கள் மிதக்கும் நீர் ஏன் சிவப்பாக இருக்கிறது?" முதுகலை வாய்மொழித் தேர்வில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. "துகள் சிறுத்தால் ஆற்றல் இடைவெளி கூடும், அதனால்..." என்று உற்சாகமாகத் தொடங்கினேன். "தங்கத்துக்கு ஏது ஆற்றல் இடைவெளி?" என்றார் தேர்வாளர். அதோடு என் நாக்கு ஒட்டிக்கொண்டது.

நான் ஒப்பித்தது குவாண்டம் புள்ளிகளின், அதாவது நானோ அளவுக் குறைகடத்தித் துகள்களின் பாடம். காட்மியம் செலினைடு போன்ற குறைகடத்தியில் எலக்ட்ரான் கட்டிலிருந்து விடுபடத் தாண்ட வேண்டிய ஆற்றல் இடைவெளி உண்டு; அங்கே அது சரி: துகள் சிறுக்கச் சிறுக்க, உட்கவரும் ஒளி நீலப் பக்கம் நகரும். தங்கமோ உலோகம்; அதில் அந்த இடைவெளி இல்லை. ஆகவே கேள்வியைக் கேட்டதும் பொருள் உலோகமா, குறைகடத்தியா என்று முதலில் பாருங்கள். பாதி விடை அங்கேயே இருக்கிறது.

உலோகத் துகளில் ஒளியின் மின்புலம் கட்டற்ற எலக்ட்ரான்களை ஒருபுறம் தள்ளுகிறது. எதிர்ப்புறத்தில் மிஞ்சும் நேர்மின்னூட்டம் அவற்றைத் திரும்ப இழுக்கிறது. ஊசல்போல நடக்கும் இந்த அலைவோடு ஒளியின் அதிர்வெண் ஒத்துப்போனால் ஒத்ததிர்வு; ஒளி பெருமளவு உட்கவரப்படும். இதுவே பிளாஸ்மான் ஒத்ததிர்வு. நீரில் 20 நானோமீட்டர் தங்கத்துக்கு இது ஏறத்தாழ 520 நானோமீட்டரில், பச்சையில் விழுகிறது. பச்சை போனால் கண்ணுக்குத் தெரிவது சிவப்பு. வெள்ளிக்கு 400-ஐ ஒட்டி நிகழ்வதால் அது மஞ்சள்.

சிறிய கோளத்துக்கான நிபந்தனையை எழுதிப் பாருங்கள்: உலோகத்தின் விடுதிறனின் (மின்புலத்துக்குப் பொருள் எப்படி இணங்குகிறது என்பதன் அளவு) மெய்ப்பகுதி, ஊடகத்தின் விடுதிறனை மைனஸ் இரண்டால் பெருக்கியதற்குச் சமம். அதில் ஆரமே இல்லை! இதை முன்பே கவனித்திருந்தால் அளவை இழுத்துப் பேசியிருக்க மாட்டேன். (இயற்பியலர் குஸ்தாவ் மீ 1908-இல் வெளியிட்ட, எந்த அளவுக் கோளத்துக்குமான முழுத் தீர்வை வருவிக்க ஒரு வாரம் செலவிட்டேன். அதை யாரும் கேட்கவில்லை.)

ஆரம் வேறோர் இடத்தில் முக்கியம். நிறமாலைமானி காட்டுவது உட்கவர்தலும் சிதறலும் சேர்ந்த இழப்பு. சிறு துகள்களில் உட்கவர்தல் ஆரத்தின் மும்மடிக்கும், சிதறல் அறுமடிக்கும் நேர்விகிதம். 20 நானோமீட்டரில் சிதறலை ஒதுக்கிவிடலாம். 100-ஐ நெருங்கினால் முடியாது.

மறுமுறை போனபோது, உப்பு சேர்த்தால் அந்தச் சிவப்பு ஏன் நீலமாகிறது என்று கேட்டார்கள். துகள்களைத் தள்ளிவைத்திருந்த மின்விலக்கத்தை உப்பு அடக்குகிறது, அவை நெருங்கிக் கூட்டமாகின்றன, அலைவுகள் ஒன்றோடொன்று பிணைந்து ஒத்ததிர்வு நெடிய அலைநீளத்துக்கு நகர்கிறது என்றேன். தேர்வாளர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.