கயிற்றில் ஏறும் புத்தகங்கள்

ஜூன் 30, 2019, ஞாயிறு

சித்தப்பா மகன் நேற்று சென்னையிலிருந்து வந்து சேர்ந்தான். இன்று காலை பெட்டி திறக்கும் வைபவம். ரங்கூனில் எங்களுக்குத் தமிழ்ப் புத்தகம் கடை வழியாக வருவதைவிடப் பெட்டி வழியாக வருவதே அதிகம். யார் விமானம் ஏறினாலும் அவர் கையில் ஒரு பட்டியலைத் திணித்துவிடுவோம். பட்டியலில் முதலிடம் அக்காவின் சுண்டைக்காய் வற்றலுக்கு, அடுத்த இடம் காபிப் பொடிக்கு. மிச்சமிருக்கும் எடை எனக்கு. இது எத்தனை கிராம் இருக்கும் என்று யோசித்து இலக்கியம் தேர்ந்தெடுக்கும் வாசகர்கள் உலகத்தில் எங்களைத் தவிர வேறு யாராவது இருப்பார்களா என்று தெரியவில்லை. கெட்டி அட்டைப் பதிப்பு வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். அட்டையை இங்கே நானே போட்டுக்கொள்வேன். அதற்கு ஏன் விமானச் செலவு?

இந்த முறை வந்தவற்றில் பெரிய மகிழ்ச்சி, வெ. சாமிநாத சர்மாவின் 'எனது பர்மா வழிநடைப் பயணம்'. நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது. கூடவே அக்கா சொல்லி வாங்கிவரச் செய்த சமையல் புத்தகம் ஒன்று. பெருங்காய டப்பாவை ஒட்டியே பயணம் செய்ததால் அது திறக்கும் முன்பே மணக்கிறது.

ஜூலை 3, புதன்

பெயின்னாங் சந்தையில் மழைத் தண்ணீர் கணுக்கால் வரை. லாரிகள் வரவில்லை. இந்திய அரசு 2017 ஆகஸ்டில் உளுந்துக்கு இறக்குமதி வரம்பு போட்டதிலிருந்து எங்கள் பயறு மண்டியில் கணக்கு எழுதுகிற வேலை வெகுவாகக் குறைந்துவிட்டது. பர்மா உளுந்துக்கு இந்தியாவை விட்டால் போக்கிடம் இல்லை. முதலாளி கவலைப்படுகிறார். அவர் எதிரில் இருக்கும்போது நானும் கவலைப்படுகிறேன். அவர் உள்ளே போனதும் மேசை இழுப்பறையைத் திறந்து விட்ட பக்கத்திலிருந்து தொடர்கிறேன்.

ஜூலை 6, சனி

பன்சோடான் தெரு. மழை ஒரு மணி நேரம் ஓய்ந்தது. அந்த ஒரு மணி நேரத்துக்காகவே கடைக்காரர்கள் பிளாஸ்டிக் விரிப்பைச் சுருட்டிவைத்துக் காத்திருந்தார்கள் போலும். பழைய வெள்ளைக்காரக் கட்டடங்களின் ஓரம், நடைபாதை நெடுகப் புத்தகம். ஆங்கில இலக்கணம், கணக்குப் பதிவியல், நாற்பது வருடத்துப் பர்மிய மாத இதழ்கள், செல்லரித்த சட்டத் தீர்ப்புத் தொகுதிகள், சுற்றுலாப் பயணிகளுக்கென்றே அடுக்கிவைத்த ஒரே ஆங்கில நாவலின் நகல் பிரதிகள். இவற்றுக்குள் தமிழைத் தேட வேண்டுமென்றால் முதுகைப் பார்த்துப் பயனில்லை. பழைய தமிழ்ப் புத்தகங்களுக்கு முதுகே இருக்காது. கட்டுகளின் அடியில், சணல் கயிறு அழுத்துகிற இடத்தில், பழுப்பேறிய ஓரம் தெரிகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும்.

இன்று தெரிந்தது. முன்னட்டை இல்லை, தலைப்புப் பக்கம் இல்லை, ஒன்பதாம் பக்கத்தில் தொடங்கி இருநூற்றுப் பன்னிரண்டில் நிற்கிற ஒரு நாவல். எழுதியவர் யார், எந்த ஊர் அச்சு, எதுவும் தெரியாது. எழுத்துருவையும் காகிதத்தையும் பார்த்தால் யுத்தத்துக்கு முந்தையது என்று தோன்றுகிறது. உள்ளே இரண்டு இடத்தில் ஊதா மையில் ஒரு வாசகசாலையின் முத்திரை; ஊர்ப் பெயரை ஈரம் தின்றுவிட்டது. கடைக்காரர் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தடிமனை விரலால் அளந்து ஆயிரத்து ஐந்நூறு கியாட் என்றார். எழுத்து தெரியாதவர் சொல்லும் விலையில் ஒரு நியாயம் உண்டு: எல்லா எழுத்தாளரும் அவருக்குச் சமம். பேரம் பேசவில்லை.

பக்கத்துத் தேநீர்க் கடையில் குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து பால் தூக்கலாக ஒரு தேநீர் சொல்லிவிட்டு முதல் அத்தியாயத்தை, அதாவது கைக்குக் கிடைத்த முதல் அத்தியாயத்தைப் படித்தேன். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெரிய வீடு, ஒரு விதவை, ஒரு பொல்லாத மைத்துனன், காணாமல் போன உயில். முதல் எட்டுப் பக்கம் இல்லாதது நல்லதாகப் போயிற்று. அந்தக் காலத்து நாவல்களில் அங்கே காவேரி வர்ணனைதான் இருக்கும்.

ஜூலை 9, செவ்வாய்

மாலை முழுவதும் தைப்பு வேலை. இதைப் பொழுதுபோக்கு என்று சொன்னால் அக்கா சிரிக்கிறாள். "பொழுது போகிறது சரி, என் மைதாவும் சேர்ந்தல்லவா போகிறது!"

பசைக்கு மைதாவைக் கட்டி தட்டாமல் கரைத்து, அடிபிடிக்காமல் காய்ச்சி, இறக்கும்போது ஒரு சிட்டிகை மயில்துத்தம். துத்தம் போடாத பசை இராமபாணப் பூச்சிக்கு விருந்து. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்குக் குறையாமல் மழை கொட்டுகிற இந்த ஊரில் புத்தகம் வளர்ப்பது குழந்தை வளர்ப்பது மாதிரி. ஈரம் பார்க்க வேண்டும், பூச்சி பார்க்க வேண்டும், வெயில் அடிக்கிற நாளில் தூக்கிக்கொண்டு பால்கனிக்கு ஓட வேண்டும்.

இந்த நாவலின் தாள் மடிப்பில் தொட்டால் உடைகிறது. ஊசி போட்டால் கிழியும். அதனால் ஒவ்வொரு மடிப்பின் முதுகிலும் முதலில் ஷான் காகிதத்தை விரற்கடை அகலப் பட்டையாகக் கிழித்து ஒட்டுகிறேன். ஷான் மாநிலத்துப் பிண்டயாவில் மல்பெரிப் பட்டையை ஊறவைத்து, அடித்துக் கூழாக்கிச் செய்கிற காகிதம் அது. குடைக்கும் விசிறிக்கும் போகிற சரக்கு. கத்தரியால் வெட்டக் கூடாது. கையால் கிழித்தால்தான் ஓரத்தில் நார் நீட்டிக்கொண்டிருக்கும், அந்த நார்தான் பழைய தாளைப் பிடித்துக்கொள்ளும். ஒட்டிய இடம் காய்ந்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் எழுத்தின் மேலே நார் ஓடுவது தெரிகிறது, ஆனால் படிப்பதற்குத் தடையில்லை. பிறகு மெழுகிட்ட நூலால் நாடாவோடு சேர்த்துத் தையல்.

வேலையை அப்பாவிடம் கற்றேன். அவர் 1964க்கு முன் ஓர் அச்சகத்தில் பைண்டிங் பார்த்தவர். அந்த ஆண்டு மார்ச்சில் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாமற் போயின. கப்பல் ஏறிய தமிழர்களால் போட்டிருந்த நகையைக்கூட முழுதாகக் கொண்டுபோக முடியவில்லை. அப்புறம் புத்தகம் எங்கே? "பத்திரமாக வைத்திருங்கள், திரும்ப வருவோம்" என்று அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். என் அலமாரியில் பாதி அப்படி வந்தது. ஒவ்வொன்றிலும் வேறு வேறு பெயர், வேறு வேறு கையெழுத்து. இரவல் கேட்டு யார் வந்தாலும் இல்லை என்று சொல்ல என்னால் முடியாததற்குக் காரணம் தாராள மனசு அன்று. என்னுடையதாக இருந்தால்தானே மறுப்பதற்கு!

ஜூலை 12, வெள்ளி

எங்கள் தெருக் கட்டடங்களில் மின்தூக்கி கிடையாது. அதனால் ஒவ்வொரு மாடி பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தொங்கும். நுனியில் ஒரு கிளிப், மேல் முனையில் ஒரு மணி. பேப்பர்க்காரர் கிளிப்பில் செய்தித்தாளை மாட்டி இழுத்தால் மணி அடிக்கும். நாம் மேலே இழுத்துக்கொள்ள வேண்டியது. மின்கட்டண ரசீது, மொகிங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ் பொட்டலம், எல்லாம் இப்படித்தான் ஐந்தாம் மாடிக்கு வருகின்றன.

இன்று மாலை வந்தது ஒரு பர்மிய நாவல். முனையிலிருக்கிற வாடகைப் புத்தகக் கடை அம்மா அனுப்பியது, ஜர்னல் ஜோ மாமாலே எழுதி 1955இல் வந்த கதை. அந்தக் கடையில் ஒரு காலத்தில் நாலு சுவரும் புத்தகம்; இப்போது இரண்டு சுவரை செல்பேசி ரீசார்ஜ் அட்டையும் ஷாம்பூ பாக்கெட்டும் பிடித்துக்கொண்டன. அம்மாவுக்கு என் ருசி தெரியும். பேயும் காதலும் கலந்த மலிவுப் பதிப்புகளை எனக்கு அனுப்புவதில்லை. ஆனால் நான் கேட்டால் முகம் சுளிக்காமல் அதையும் தருவார். நல்ல நூலகருக்கு அதுதான் லட்சணம்.

வேவே என்கிற பெண், ஆங்கிலேய நெல் வியாபாரக் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பர்மியரை மணக்கிறாள். அவர் மேசை நாற்காலி போட்டு, கத்தியும் முள்கரண்டியும் வைத்து, அன்பினாலேயே அவளை மூச்சு முட்டவைக்கிறார். கொடுமைக்காரன் ஒருவன்கூட இல்லாமல் இவ்வளவு கொடுமையைச் சொல்ல முடியும் என்று இன்றுதான் பார்க்கிறேன். தஞ்சாவூர் மைத்துனன் இதற்குப் பக்கத்தில் வெறும் தெருக்கூத்து வேஷம். ஆனாலும் சாப்பிட்டு முடித்ததும் அக்கா கேட்டது மைத்துனனைத்தான். அவளுக்குக் கண் மங்கிவிட்டது. ராத்திரி ஓர் அத்தியாயம் நான் வாசிக்க வேண்டும், அது ஒப்பந்தம்.

ஜூலை 17, புதன்

நேற்று வாசோ பௌர்ணமி, விடுமுறை. பர்மியர்களுக்கு மழைக்கால விரதம் தொடங்கியாயிற்று. அது முடிகிற தடிஞ்சூட் பௌர்ணமி வரைக்கும் கல்யாணம் கிடையாது. இன்று ஆடி முதல் தேதி. நம்மவர்களுக்கும் கல்யாணம் கிடையாது. அழைப்பிதழே வராத ஒரு மாதம்! மொய்ப்பணம் மிச்சம், ஞாயிற்றுக்கிழமைகள் முழுசாக எனக்கு.

விடியற்காலை சந்திர கிரகணம். இரண்டரை மணிக்குப் பிடிக்கும் என்று பஞ்சாங்கத்தைப் பார்த்துக் கோயிலில் சொல்லியிருந்தார்கள். அக்கா தர்ப்பையைத் தண்ணீர்க் குடத்தில் போட்டுவிட்டு உட்கார்ந்தே இருந்தாள். துணைக்கு நானும் விழித்திருந்தேன். வானம் முழுக்க மேகம். கிரகணமும் தெரியவில்லை, சந்திரனே தெரியவில்லை. சர்மாவை எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஜூலை 19, வெள்ளி

தியாகிகள் தினம். பத்து முப்பத்தேழுக்குச் சங்கு ஊதியது. 1947இல் பர்மிய விடுதலைத் தலைவர் ஆங் சானும் உடனிருந்தவர்களும் சுடப்பட்ட நேரம். தெருவில் கார்கள் நின்று ஒலியெழுப்பின. எதிர் வீட்டுப் பெரியவர் பால்கனியில் தலைகுனிந்து நின்றார்.

மடியில் இருந்தது சர்மாவின் புத்தகம். 1937இல் இந்த ஊரிலிருந்து 'ஜோதி' என்ற மாத இதழைத் தொடங்கி நடத்தியவர். பிளேட்டோவையும் மார்க்ஸையும் தமிழ் வாசகனுக்குக் கொண்டுவந்தவர். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூன் மேல் குண்டு போட்டன. அடுத்த சில மாதங்களில் லட்சக்கணக்கான இந்தியர்கள் ஊரைவிட்டு இறங்கினார்கள். அவர்களில் ஒருவராக இவரும் 1942இல் புறப்பட்டார். இது சாகசக் கதை இல்லை. ஒரு பத்திரிகாசிரியர் தாம் கண்டதை நிதானமாகச் சொல்லிக்கொண்டு போகிறார், அவ்வளவுதான். அந்த நிதானம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. தெருப் பெயர்கள் மாறிவிட்ட இந்த ஊரில், அவர் நடந்த தெருக்களில்தான் நான் தினமும் பஸ்ஸுக்கு நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டே படிப்பது சென்னைவாசிகளுக்குக் கிடைக்காத சுகம்.

மருமகள் வந்து எட்டிப் பார்த்தாள். "அத்தை, இதையெல்லாம் செல்பேசியில் படிக்கலாமே, பெட்டி எடை மிச்சமாகுமே" என்றாள். படிக்கலாம்தான். மின்சாரம் போன ராத்திரிகளில் அவளே என் மெழுகுவத்திக்குப் பக்கத்தில் வந்து உட்காருகிறாளே, அதை நான் சொல்லிக்காட்டவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

தஞ்சாவூர் நாவல் முடிந்தது, அல்லது தீர்ந்தது. இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நள்ளிரவு, உயில் பெட்டியைத் திறக்கப் போகிறாள், வாசலில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அவ்வளவுதான், மேலே தாள் இல்லை. அக்கா கோபத்தில் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். பாதிக் கழுவலில் திரும்பி வந்து, "வக்கீல் போலீஸோடு வந்திருக்கிறார், வேறு யார்?" என்று தீர்ப்புச் சொன்னாள். மருமகள் பார்வையில் அது மைத்துனனே; மனம் திருந்தி வந்து நிற்கிறான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லோரும் திருந்திவிட வேண்டும்.

முதல் மாடி மாமாவிடம் வாய் தவறிச் சொல்லியிருக்கிறாள். உடனே மணி அடித்தது. குனிந்து பார்த்தால் தெருவில் நின்றுகொண்டு, "அந்த நாவலா! பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே படித்திருக்கிறேன் அம்மா. செத்துப்போனதாகச் சொன்ன புருஷன் ரங்கூனிலிருந்து திரும்பி வந்து கதவைத் தட்டுகிறான்" என்று உரக்கச் சொன்னார். தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

அக்கா நம்பவில்லை. ரங்கூனிலிருந்து யார் திரும்பிப் போனார்கள் என்கிறாள். எனக்கும் சந்தேகம்தான், ஆனால் அந்தக் காலத்து நாவலாசிரியர்களுக்கு ஒருவனைக் காணாமலாக்க வேண்டுமென்றால் ரங்கூன் கப்பலில் ஏற்றுவது வழக்கம் என்பதால் அடியோடு தள்ளவும் முடியவில்லை. "அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்" என்றார் மாமா. புது அட்டையோடு கனம் கூடிவிட்டது, கிளிப் தாங்காது. துணிப்பையில் போட்டுக் கயிற்றில் கட்டி இறக்கினேன்.

ராத்திரி ஒன்பது மணிக்கு மறுபடி மணி. மாமாதான்.

"அம்மா, நான் படித்தது இது இல்லை. அது வேறு நாவல்."

"சரி மாமா, கயிற்றில் கட்டிவிடுங்கள்."

"இரு, இரு. அறுபதாம் பக்கத்தில் இருக்கிறேன். உங்கள் மாமியும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.