எரிச்சல் வேறு, சூடு வேறு

சென்ற ஆனி மாதத்தில் ஒரு நாள் காலை, தண்ணீர் போடும் தம்பி அவசரத்தில் 20 லிட்டர் கேனை வாசலிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டதால், அதை நானே சமையலறை வரை கொண்டுபோய்விடலாம் என்று குனிந்தேன். கேன் ஒரு சாண் உயரம் எழுந்தது, நான் எழவில்லை. இடுப்பின் இடப்பக்கத்தில் யாரோ கயிற்றை முறுக்கி இழுத்துப் பிடித்ததுபோல் ஒரு பிடிப்பு. 54 வயது வரை நாற்காலியில் அமர்ந்து மெய்ப்புத் திருத்துவதையே தொழிலாகக் கொண்டிருந்த உடம்பு, அன்றைக்குத்தான் தன் கணக்கை எடுத்துக் காட்டியது.

அடுத்த தெரு மருந்துக்கடையில், இடுப்புப் பிடிப்புக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி வேண்டும் என்று கேட்டேன். "சூடா வேணுமா, கூலா வேணுமா சார்?" என்றார் கடைக்காரர். பழச்சாற்றுக் கடையில் கேட்பதுபோல் இருந்த அந்தக் கேள்விக்கு, யோசிக்காமல் சூடு என்றேன். வலிக்குச் சூடுதான் மருந்து என்பது நம் வீடுகளில் யாரும் சொல்லித் தராமலேயே தெரிந்திருக்கும் பாடம். தவிட்டை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம், கல்லுப்பு ஒத்தடம், நொச்சித் தழை ஒத்தடம், விளக்கெண்ணெய் தடவி வாட்டிய எருக்கிலை என்று எல்லாமே சூடுதான். சித்த மருத்துவம் புறமருந்துகளை 32 வகையாகப் பிரித்து, ஒற்றடத்தையும் பற்றையும் தனித்தனி வகைகளாக வைத்திருக்கிறது. ஒற்றடம் சூட்டைத் தருவது. பற்று மருந்தைத் தோலில் படிய வைப்பது. இந்த வேறுபாட்டை அன்றே நினைத்துப் பார்த்திருந்தால், அடுத்த நாள் இரவு எனக்கு வந்த தொல்லை வந்திருக்காது.

உறையைப் பிரித்ததும் அறை முழுவதும் பரவிய மணம், என்னை நேராகத் தாத்தாவின் முதுகுக்குக் கொண்டுபோனது. அவர் காலத்தில் பெல்லடோனா பிளாஸ்திரி என்று ஒன்று இருந்தது. வட்ட வட்டத் துளைகள் போட்ட தடித்த துணி. ஒட்டினால் நாள்கணக்கில் வராது, உரித்தால் முடியோடுதான் வரும். உரிக்கும் வேலை பேரப்பிள்ளைகளுக்கு, அலறும் வேலை தாத்தாவுக்கு. நான் வாங்கியது அதைவிட மெல்லியது என்றாலும், மருந்தைத் துணியில் பூசித் தோலில் ஒட்டுவது என்ற முறை அதேதான். மெத்தில் சாலிசிலேட், மெந்தால், கற்பூரம், மிளகாய்ச் சாறு என்று பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். பொடி எழுத்தைப் படித்துச் சம்பாதிப்பவன் நான். அதற்குக் கீழே இருந்த எச்சரிக்கையை மட்டும் படிக்காமல் விட்டேன்.

இவற்றுள் மெத்தில் சாலிசிலேட் நமக்குப் புதியதன்று. ஊட்டிக்குப் போனால் யூகலிப்டஸ் தைலத்துக்குப் பக்கத்தில் வைத்து விற்கிறார்களே, அந்த விண்டர்கிரீன் தைலத்தின் பெரும்பகுதி அதுதான். அது ஆஸ்பிரினுக்கு நெருங்கிய உறவு. ஒரு தேக்கரண்டித் தைலத்தில் இருபதுக்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைகளுக்குச் சமமான சாலிசிலேட் இருப்பதால், குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் அதை வைக்கவே கூடாது. 1934-இல் ஜப்பானின் ஹிசமித்சு நிறுவனம் அறிமுகப்படுத்தி, இன்று ஆசியா முழுவதும் தெரிந்த பெயராகிவிட்ட சலோன்பாஸ் ஒட்டுக்கும் இந்தச் சாலிசிலேட்டும் மெந்தாலும்தான் அடிப்படை. அமிர்தாஞ்சனும் கோடாலித் தைலமும் வளர்த்துவிட்ட மூக்கு நம்முடையது. நெடி ஏறினால்தான் மருந்து வேலை செய்கிறது என்று நம்புகிறோம்.

நெடிக்கு அடுத்தபடி நாம் நம்புவது எரிச்சலை. மிளகாய் நறுக்கிய கை இரவெல்லாம் காந்துவதை அனுபவித்தவர்களுக்கு, சூட்டுப் பிளாஸ்திரியின் சூட்சுமம் எளிதில் விளங்கும். நரம்பு முனைகளில் டிஆர்பிவி1 என்ற ஏற்பி ஒன்று இருக்கிறது; ஏறத்தாழ 43 பாகை செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால், சுடுகிறது என்று மூளைக்குச் சேதி அனுப்புவது அதன் வேலை. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் வந்து ஒட்டிக்கொண்டாலும் அது அதே சேதியைத்தான் அனுப்பும், நெருப்பு இல்லாமலேயே. 1997-இல் இந்த ஏற்பியை அடையாளம் கண்ட ஆய்வுக்கூடத்தின் தலைவர் டேவிட் ஜூலியஸ், 2021-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசை ஆர்டெம் பட்டபூட்டியனோடு பகிர்ந்துகொண்டார். மெந்தால் இதேபோல் குளிர்ச்சியை உணரும் ஏற்பியை ஏமாற்றுகிறது. ஆக, கடைக்காரர் கேட்ட சூடும் கூலும் நரம்புக்குச் சொல்லப்படும் இரண்டு பொய்கள். அந்தப் பொய்யால் பயன் இல்லாமலில்லை. இடித்துக்கொண்ட முழங்காலை நாம் தன்னையறியாமல் தேய்த்துவிட்டுக்கொள்வது ஏன் இதம் தருகிறது என்பதற்கு, ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1965-இல் ஒரு விளக்கம் தந்தார்கள்: தோலிலிருந்து வரும் வேறு உணர்வுகள் தண்டுவடத்தில் வலிச் செய்திக்கு வாயிற்கதவை ஓரளவு சாத்திவிடுகின்றன. எரிச்சலும் அப்படித்தான் வலியைப் பின்னுக்குத் தள்ளுகிறது. முதல் நாள் எனக்கு நல்ல இதமாகவே இருந்தது என்பதை மறைக்கக் கூடாது.

இரண்டாம் நாள் இரவு புதியதாக ஒன்றை ஒட்டியபின், இன்னும் கொஞ்சம் சூடு இருந்தால் தூங்கிவிடலாம் என்று எண்ணி, அதன் மேலேயே சுடுநீர்ப் பையை வைத்துப் படுத்தேன். அரை மணி நேரத்தில் எரிந்தது. எரிந்தால் வேலை செய்கிறது என்று பொருள் கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டேன். விடியற்காலையில் உரித்தபோது பிளாஸ்திரியின் அளவுக்குச் சதுரமாகத் தோல் சிவந்து, அதன் ஓரங்களில் கொப்புளம் கண்டிருந்தது. சுடுநீரில் குளித்தால் சரியாகும் என்று போனது அடுத்த மடத்தனம். ஒட்டியிருந்த காரம் வெந்நீர் பட்டதும் உயிர்பெற்று எழுந்ததில், இடுப்புப் பிடிப்பை மறந்து குதித்தேன்.

மருத்துவர் திட்டவில்லை, விளக்கினார். சூட்டில் தோலின் இரத்தநாளங்கள் விரிந்து, ஒட்டிலிருக்கும் மருந்து வழக்கத்தைவிட வேகமாக உள்ளே போகும். வலிக்கான பிளாஸ்திரியில் அதன் விளைவு கொப்புளம்; புற்றுநோய் வலிக்குத் தரும் ஃபென்டனில் ஒட்டின் மேல் சூடு வைத்தால் மூச்சே நின்றுபோகக்கூடும். சூடு வைக்காவிட்டாலும் ஆபத்து அறவே இல்லை என்று சொல்ல முடியாது. இவ்வகைக் களிம்புகளும் ஒட்டுகளும் அரிதாகக் கடுமையான தீப்புண்ணை உண்டாக்குவதாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2012-இல் எச்சரித்தது. மெந்தால் 3 விழுக்காட்டையும் மெத்தில் சாலிசிலேட் 10 விழுக்காட்டையும் தாண்டும் பொருள்களிலேயே கடும் புண்கள் மிகுதியாக இருந்தன. சுள்ளென்று வலித்தால் உடனே உரித்துவிட வேண்டும் என்பதே அவர்கள் சொன்னதும், என் உறையின் பின்பக்கத்தில் இருந்ததும்.

புண் ஆறியபின் அவர் எழுதித் தந்தது டைக்ளோஃபினாக் ஒட்டு. மணமும் இல்லை, எரிச்சலும் இல்லை. மாத்திரையாக நாம் விழுங்கும் அதே அழற்சித் தடுப்பு மருந்து, வயிற்றைச் சுற்றிப் போகாமல் தோல் வழியாக இறங்குகிறது. இரத்தத்தில் சேரும் அளவு மாத்திரையைவிட மிகக் குறைவு. ஆனாலும் மருந்து மருந்துதான் என்பதால், கூடவே அதே மாத்திரையையும் போட்டுக்கொள்ளாதீர்கள் என்று இரண்டு முறை சொன்னார். கணுக்கால் சுளுக்கில் இவ்வகை ஒட்டுகள் நன்கு பயன்படுவதற்குக் காரணம், அங்கே தோலுக்கு அடுத்து உடனே தசைநார் இருப்பது. இடுப்பின் தசையோ ஆழத்தில் இருக்கிறது. எனக்கு அது பாதி உதவியது என்று சொன்னால் சரியாக இருக்கும். இதே குடும்பத்தைச் சேர்ந்த கீட்டோபுரோஃபென் ஒட்டு வைத்த இடத்தில், எடுத்துப் பல நாள் ஆனபிறகும் வெயில் படக் கூடாது. பட்டால் தோல் வெந்துபோகும். சட்டையில்லாமல் மொட்டைமாடியில் வடகம் காயவைக்கும் ஆண்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது.

உண்மையான சூடு எனக்குக் கிடைத்தது மகளின் அலமாரியிலிருந்து. மாதவிடாய் வலிக்கென்று அவள் வாங்கி வைத்திருந்த ஒட்டை, "இதை உள்பனியன் மேல ஒட்டுங்கப்பா, தோல்ல வேண்டாம்" என்று கொடுத்தாள். உள்ளே மருந்து எதுவும் இல்லை. இரும்புத்தூள், உப்பு, கரித்தூள், கொஞ்சம் ஈரம், அவ்வளவுதான். உறையைக் கிழித்துக் காற்றுப் பட்டதும் இரும்பு துருப்பிடிக்கத் தொடங்குகிறது. துருப்பிடித்தல் வெப்பத்தை வெளிவிடும் வினை என்பது பள்ளியில் படித்ததுதான். மழையில் நனைந்த சன்னல் கம்பி மாதக்கணக்கில் செய்வதை, நுண்ணிய தூள் சில மணி நேரத்தில் செய்து முடிக்கிறது. இடுப்புக்கென்றே தயாரிக்கப்படும் பட்டைகள் 40 பாகை அளவில் 8 மணி நேரம் வரை சூட்டைத் தாங்கி நிற்கும். பாட்டியின் தவிட்டு முடிச்சைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அடுப்படிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. வேறுபாடு அது ஒன்றுதான். புதிதாக வந்த இடுப்பு வலிக்கு இத்தகைய சூடு குறுகிய காலத்துக்குச் சிறிதளவு பயன் தருவதாக மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2006-ஆம் ஆண்டு மதிப்பாய்வு சொன்னது. அமெரிக்க மருத்துவர் கல்லூரியின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டியும், மாத்திரைக்கு முன் பரிசீலிக்க வேண்டியவற்றுள் மேற்பரப்புச் சூட்டைச் சேர்த்திருக்கிறது. ஒட்டிக்கொண்டு நான்கு நாள் அலுவலகம் போனேன். மூன்றாம் நாள் காலணியின் நாடாவை நானே குனிந்து கட்டினேன். தூங்கும்போது மட்டும் கழற்றிவிடுவேன். மிதமான சூடும் ஒரே இடத்தில் மணிக்கணக்கில் அழுத்தினால் தோலைப் பொசுக்கும், தூக்கத்தில் அது தெரியாது. சர்க்கரை நோயால் உணர்ச்சி மரத்தவர்களுக்கு விழித்திருக்கும்போதும் தெரியாது. மற்றபடி, வலியோடு கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ, காய்ச்சல் வந்தாலோ எந்தப் பிளாஸ்திரியும் வேண்டாம், நேராக மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

சென்னை வியர்வையில் எந்த ஒட்டும் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓரம் தூக்காமல் இருப்பதில்லை என்பது தனிக் கதை. குளித்துத் துவட்டி, மின்விசிறியடியில் நன்றாகக் காய்ந்தபிறகு ஒட்டினால் கொஞ்சம் நிற்கிறது. உரிக்கும்போது ஓரத்தில் தேங்காய் எண்ணெய் தொட்டு வைத்தால் தாத்தாவைப்போல் அலற வேண்டியதில்லை.

மிச்சமிருந்த மணப் பிளாஸ்திரிகளை அப்பா முழங்கால் வலிக்காகக் கேட்டார். கொடுக்கத்தான் எடுத்தேன், மருத்துவர் கேட்ட ஒரு கேள்வி நினைவுக்கு வந்தது: வீட்டில் யாராவது இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார்களா? இதய வால்வு மாற்றியதிலிருந்து அப்பா வார்ஃபரின் சாப்பிடுகிறார். மெத்தில் சாலிசிலேட் தோல் வழியே போனாலும் அந்த மாத்திரையின் வேகத்தைக் கூட்டி, இரத்தக்கசிவு வரை கொண்டுபோய்விடக்கூடும். எனவே அவருடைய வேட்டியின் மேல், முழங்காலைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டி, அதில் இரும்புத்தூள் ஒட்டைப் பொருத்திவிட்டேன். இருபது நிமிடம் கழித்து முகர்ந்து பார்த்துவிட்டு, "வாசனையே இல்லையேடா, இதுக்கு வலி எப்படிக் கேட்கும்?" என்றார். ஆனாலும் மறுநாள் காலையில் அவரே வந்து இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டார். துண்டின் உள்மடிப்பில் கொஞ்சம் கோடாலித் தைலம் தெளித்து வைத்திருந்ததை, நெருங்கி நின்றபோது என் மூக்கு கண்டுபிடித்துவிட்டது. அதிலும் மெத்தில் சாலிசிலேட் உண்டு என்று சொல்லி, துண்டை மாற்றினேன்.