மூன்றாம் ஆட்டக்காரருக்குச் சொன்ன நன்றி

நால்வர் சுற்றுக்குச் சுற்று தங்கள் புள்ளிகளில் கொஞ்சத்தைப் பொது நிதியில் போடும் இணையவழிப் பொருளாதாரச் சோதனை எங்களுடையது. பத்தாவது சுற்று முடிந்ததும் கருத்துப் பெட்டியில் ஒருவர் எழுதியிருந்தார்: "மூன்றாம் ஆட்டக்காரருக்கு என் நன்றியைச் சொல்லிவிடுங்கள். நான் பங்களிப்பை ஏற்றும்போதெல்லாம் அவரும் ஏற்றினார். அவர் இல்லையென்றால் பாதியிலேயே மனசு விட்டிருக்கும்."

மூன்றாம் ஆட்டக்காரர் நான்காவது சுற்றிலேயே போய்விட்டார். இணைப்பு அறுந்ததோ, அலுத்துப்போய் மூடிவிட்டாரோ. அறுபது வினாடி காத்திருந்துவிட்டு, ஓட்ரீ என்ற சோதனை மென்பொருளில் நான் எழுதிய நிரல் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. மற்ற மூவரும் முந்தைய சுற்றில் போட்டதன் சராசரியைப் போடும், அவ்வளவுதான். நன்றி சொன்னவர் ஏற்றியதால்தான் அதுவும் ஏற்றியது.

"நன்றி, பதிவு செய்துகொண்டோம்" என்று பதில் அனுப்பினேன்.

வேறு வழி இருந்ததா என்று பலமுறை யோசித்துவிட்டேன். ஆய்வகம் என்றால் ஒருவர் எழுந்து போனாலும் மற்றவர்கள் காத்திருப்பார்கள். இணையத்தில் 'காத்திருக்கவும்' என்ற பக்கம் இரண்டு நிமிடம் நின்றால் மிச்சமிருப்பவர்களும் போய்விடுவார்கள். விதிமுறையிலும் ஒரு வரி இருந்தது: யாராவது விலகினால் கணினி தொடரலாம். பொருளாதாரச் சோதனைகளில் பங்கேற்பாளரிடம் பொய் சொல்லக் கூடாது. நாங்கள் சொல்லவில்லை.

ஆனால் இதை நினைத்துப் பாருங்கள். சைபர்பால் என்று உளவியலில் ஒரு பந்து வீசும் ஆட்டம். எதிரே ஆடுவது நிரல்தான். ஆட்கள் என்று சொல்லி ஆடவைப்பார்கள். அதனாலேயே கடைசியில் உட்காரவைத்து உண்மையைச் சொல்லியாக வேண்டும். பொய் சொல்லாத எங்களுக்கு அந்தக் கடமையே இல்லாமல் போயிற்று.

சுற்றுக்கு ஆளுக்கு 20 புள்ளி. பொதுவில் போட்டது 1.6 மடங்காகி நால்வருக்கும் சமமாகப் பிரியும். எல்லோரும் முழுதாகப் போட்டால் ஆளுக்கு 32. ஒருவர் மட்டும் கையை மூடிக்கொண்டால் அவருக்கு 44, மற்றவர்களுக்கு 24. அதனால்தான் பெரும்பாலும் சுற்றுக்குச் சுற்று பங்களிப்பு சரியும். அந்தக் குழுவில் சரியவில்லை. விலகல் நேர்ந்த குழுவைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று முன்பே பதிந்திருந்ததால் அது ஆய்வுக்குள் வரவும் இல்லை.

அப்புறம் நிரலை மாற்றினேன். இப்போது அந்த இடத்தில் 'கணினி' என்று திரையில் தெரியும். அன்றே அப்படித் தெரிந்திருந்தால் நன்றி சொன்னவர் ஏற்றியிருப்பாரா? அந்த நம்பிக்கையைக் கெடுக்காமல் விட்டது நல்லதுதான் என்றும் சில நாள் தோன்றுகிறது. சில நாள் தோன்றுவதில்லை.

அவருடைய அடையாள எண் கோப்பில் இருக்கிறது. எழுதினால் போய்ச்சேரும். இரண்டு முறை தொடங்கினேன். 'அது ஆள் இல்லை' என்ற வரிக்கு அப்புறம் என்ன எழுதுவது என்று தெரியாமல் அழித்துவிட்டேன்.