தக்காளி விலையும் ஏழு காகிதத் துண்டுகளும்

பாலக்கோட்டில் இருக்கும் அக்கா மகன் பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்திருக்கிறான். பைத்தான் என்ற புரோகிராம் மொழியில் லிஸ்ட் பாடம் (பல மதிப்புகளை ஒரே பெயரில் வரிசையாக வைப்பது) வந்ததும் போன் போட்டான். “மாமா, புரோகிராமெல்லாம் மனப்பாடம் பண்ணிட்டேன். கேள்வியைக் கொஞ்சம் மாத்திக் கேட்டா கை ஓட மாட்டேங்குது.” சனிக்கிழமை ஓசூரிலிருந்து பஸ் ஏறினேன்.

புத்தகத்து எண்களை ஓரமாக வைத்துவிட்டு, ஏழு நாள் தக்காளி விலையை அவனையே சொல்லச் சொன்னேன். தக்காளி மண்டி இருக்கும் பாலக்கோட்டுப் பையனுக்கு அதைவிடப் பழகிய கணக்கு ஏது? 18, 22, 15, 15, 30, 12, 25. (மண்டிக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம், கணக்குக்காகச் சொன்ன விலைதான்.) லிஸ்டுக்கு ‘விலை’ என்று தமிழிலேயே பெயர் வைத்தோம். பைத்தான் 3 அதை ஏற்றுக்கொள்ளும். இரண்டு நாளும் இந்த ஒரே லிஸ்ட்தான். எண்கள் பழகிவிட்டால், விடை தப்பாக வந்ததும் கண்ணில் உறுத்தும்.

கடைசி நாள் விலையை எடு என்றேன். ஏழாவது நாள்தானே என்று 7 போட்டான், எர்ரர் வந்தது. “முதல் நாள் எந்த இடத்தில் இருக்கு?” என்று மட்டும் கேட்டேன். பைத்தான் இடங்களைச் சைபரிலிருந்துதான் எண்ணும். அவனும் சைபரில் தொடங்கி விரல்விட்டு எண்ணி, ஆறில் வந்து நின்றான். மைனஸ் 1 போட்டாலும் கடைசி எண் கிடைக்கும் என்பதை அதற்கு அப்புறம்தான் சொன்னேன். முதலிலேயே சொல்லியிருந்தால் சைபர் கணக்கு அவனுக்குப் பிடிபட்டிருக்காது.

அடுத்து, குறைந்த விலை. ‘குறைவு’ என்ற பெயரில் 0 வைத்துத் தொடங்கி, ஒவ்வொரு விலையும் அதைவிடச் சின்னதா என்று பார்த்தான். விடை 0. “மாமா, தக்காளி சும்மா கொடுக்கிறாங்களாம்!” சிரித்து முடித்ததும் அவனே பிடித்துவிட்டான்: எந்த விலையும் 0-க்குக் கீழே போகாது, அதனால் லிஸ்டின் முதல் எண்ணை வைத்துத் தொடங்க வேண்டும். விடை 12.

மாட்டிக்கொண்டது, லிஸ்டிலிருந்து ஓர் எண்ணை நீக்கும் ரிமூவில். லிஸ்டில் உள்ள 15 எல்லாவற்றையும் நீக்கு என்றால், லிஸ்டை ஒவ்வொன்றாகச் சுற்றி வரும் ஃபார் லூப் போட்டு 15 வரும்போதெல்லாம் ரிமூவ் என்று எழுதினான். எனக்கும் படிக்கிற காலத்தில் இதே இடத்தில் ஒரு ராத்திரி போயிருக்கிறது. ஓட்டிப் பார்த்தால் ஒரு 15 மிச்சம். கம்ப்யூட்டர் தப்புப் பண்ணுகிறது என்றான். பழைய காலண்டர் தாளை ஏழு துண்டாகக் கிழித்து, விலைகளை எழுதி, திண்ணையில் வரிசையாக வைத்தோம். லூப்புக்குப் பதில் அவன் விரல். மூன்றாவது துண்டில் 15, எடுத்தான். பின்னால் இருந்தவற்றை இடப்பக்கம் நகர்த்தச் சொன்னேன். அடுத்த 15 மூன்றாவது இடத்துக்கு வந்து உட்கார்ந்தது, விரலோ நான்காவது இடத்துக்குப் போய் 30-ஐத் தொட்டது. “அய்யோ, தாண்டிட்டேன்!” அதே லிஸ்டைச் சுற்றிக்கொண்டே அதில் கை வைக்கக் கூடாது என்று நான் பத்து தடவை சொல்லியிருந்தாலும் இப்படிப் பதிந்திருக்காது. அப்புறம் ஒரு காலி லிஸ்டை வைத்து, 15 அல்லாதவற்றை மட்டும் அதன் கடைசியில் சேர்த்துக்கொண்டே போனான், அதாவது அப்பெண்ட் செய்தான்.

சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கும் சார்ட்டில் பெரிய சிக்கல் இல்லை. அது லிஸ்டையே அடுக்கிவிடும், விடையாக எதையும் திருப்பித் தராது. அதனால் ‘விலை சமம் விலை.சார்ட்’ என்று எழுதினால் லிஸ்ட் போய் ‘நன்’ (ஒன்றுமில்லை) மட்டும் நிற்கும்.

சொல்லிக்கொடுக்க உட்காருகிறவர்கள் கீபோர்டைப் பிடுங்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. எனக்கே இரண்டு மூன்று தடவை கை துறுதுறுத்தது; அக்கா கொடுத்த காபி டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, இரண்டாவது பெரிய விலையைக் கேட்டேன். அடுக்கிவிட்டு மைனஸ் 2 போட்டு 25 எடுத்தான். சரிதான். கடைசி நாள் விலையை 30 என்று மாற்றிவிட்டு மறுபடி ஓட்டச் சொன்னேன். 30 வந்தது. “இது இரண்டாவதா?” என்று கேட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. திண்ணையில் அதே காலண்டர் துண்டுகள், இரண்டாவது 30 மட்டும் தனியே ஓரத்தில். கீழே ஒரு வரி: “ஒரே விலை ரெண்டு தடவை வந்தா முதல்ல ஒண்ணை விட்டுடணும் மாமா, 22 வருது.”