குற்றத்தின் பயன் வேறு, காரணம் வேறு: செயற்பாட்டியக் கேள்விக்கு விடை எழுதுவது எப்படி?

சமூகத்தின் ஒவ்வொரு கூறும் மொத்தச் சமூகத்துக்கு என்ன பயன் தருகிறது என்று பார்க்கும் செயற்பாட்டியம் குற்றத்தை எப்படி விளக்குகிறது என்று சமூகவியல் தாளில் கேட்டால், டர்கைம், மெர்ட்டன், கோஹன் என்று சமூகவியலாளர்களின் பெயர்களை அடுக்கி ஆளுக்கொரு பத்தி எழுதிவிடுவது சுலபம். அப்படி எழுதினால் தேர்ச்சி பெறலாம், உயர்ந்த மதிப்பெண் பெறுவது கடினம். அந்த மூவரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்பதே காரணம். குற்றத்தால் சமூகத்துக்கு என்ன நேர்கிறது என்று கேட்டவர் டர்கைம். சமூக அமைப்பில் உள்ள எந்தக் கோளாறு ஆட்களைக் குற்றத்தின் பக்கம் தள்ளுகிறது என்று கேட்டவர் மெர்ட்டன். முன்னது பயன், பின்னது காரணம். முன்னுரையில் மூன்று நான்கு வரிகளில் இதைப் பிரித்துக் காட்டிவிட்டால் மீதிக் கட்டுரைக்கு ஒழுங்கு கிடைத்துவிடும்.

டர்கைமிடம் எடுக்க வேண்டியவை மூன்று. குற்றமே இல்லாத சமூகம் சாத்தியமில்லை. புனிதர்கள் மட்டும் வாழும் மடத்தில்கூடச் சிறு பிசகு பெருங்குற்றமாகப் பார்க்கப்படும் (1895இல் வந்த நூலின் வாதம்). தண்டனை முதன்மையாகக் குற்றவாளியைத் திருத்துவதற்கல்ல, மற்றவர்களின் கூட்டு மனசாட்சியை, அதாவது எது சரி எது தவறு என்று அவர்கள் பகிர்ந்துகொள்ளும் உணர்வை, உறுதிப்படுத்துவதற்கு. இன்றைய பிறழ்வு (சமூக நெறியை மீறும் நடத்தை) நாளைய ஒழுக்கமாகலாம். இதற்கு அவர் காட்டிய உதாரணம் சாக்ரடீஸ். பலரும் விட்டுவிடும் இன்னொன்றும் உண்டு: குற்றம் இயல்பானது என்றாரே தவிர, எவ்வளவு இருந்தாலும் நல்லது என்று அவர் சொல்லவில்லை. அளவு மீறினாலும் நோய், மிகவும் குறைந்தாலும் அடக்குமுறையின் அறிகுறி. ஆனால் சரியான அளவு எது என்று அவர் சொல்லவில்லை. உங்கள் முதல் விமர்சனம் அங்கேயே கிடைத்துவிடுகிறது.

சிங்கப்பூர் உதாரணம் சேர்ப்பதானால் கோட்பாட்டைச் சோதிக்கும் உதாரணமாகப் பார்த்துச் சேருங்கள். குப்பை போட்டவர்களைப் பளிச்சென்ற மேலங்கி அணிவித்துப் பொது இடத்தைக் கூட்ட வைக்கும் தண்டனை 1992இல் வந்தது. நாலு பேர் பார்க்க வேண்டும் என்பதே அதன் உள்ளடக்கம் என்பதால் டர்கைமுக்கு அழகாகப் பொருந்தும். அதே 1992இல் வந்த சூயிங்கம் தடை அவ்வளவு எளிதில் பொருந்தாது. ஒரு செயலை நாம் கண்டிப்பதால்தான் அது குற்றமாகிறது என்பது டர்கைமின் வாதம். இங்கே எம்ஆர்டி ரயில் கதவுகளின் உணர்கருவியில் கம் ஒட்டியது போன்ற தொல்லைகளுக்காக அரசு முதலில் தடை விதித்தது, மக்களின் கண்டனம் பிறகு வளர்ந்தது என்று வாதிடலாம். சட்டம் உணர்வைப் பின்தொடர்ந்ததா, உணர்வு சட்டத்தைப் பின்தொடர்ந்ததா என்ற ஒரு கேள்வியை எழுப்பினாலே பகுப்பாய்வுக்கான மதிப்பெண் வரத் தொடங்கும்.

அடுத்து மெர்ட்டன், 1938. இங்கே நடக்கும் முதல் தவறு ‘அனோமி’ என்ற சொல்லில். டர்கைமின் அனோமி, நெறிகள் தளர்ந்து ஆசைகளுக்கு எல்லை இல்லாமல் போகும் நிலை. மெர்ட்டனுடையது, சமூகம் எல்லாருக்கும் ஒரே இலக்கைக் காட்டிவிட்டு அதை அடையும் வழியை எல்லாருக்கும் சமமாகத் தராத நிலை. இரண்டையும் ஒன்றாக்கி எழுதினால் திருத்துபவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். நம் சிங்கப்பூரில் வெற்றியின் அடையாளமாகச் சொல்லப்படும் ஐந்து ‘சி’ (ஆங்கிலத்தில் எல்லாமே ‘சி’ எழுத்தில் தொடங்கும்), அதாவது ரொக்கம், கார், கடன் அட்டை, கொண்டோ, கன்ட்ரி கிளப், மெர்ட்டன் சொன்ன இலக்குக்கு இதைவிடக் கச்சிதமான உதாரணம் கிடைப்பது அரிது.

இந்த நிலைக்கு ஆட்கள் காட்டுவதாக மெர்ட்டன் சொன்ன ஐந்து வகை எதிர்வினைகளைக் குறியோடு மனத்தில் வையுங்கள். முதல் குறி இலக்குக்கு, இரண்டாவது வழிக்கு; கூட்டல் என்றால் ஏற்பு, கழித்தல் என்றால் மறுப்பு. இணக்கம் கூட்டல், கூட்டல். புதுவழி கூட்டல், கழித்தல். பணம் வேண்டும், நேர்வழி இல்லை, ஆகவே மோசடி. சடங்குத்தனம் கழித்தல், கூட்டல். விலகல் இரண்டுமே கழித்தல். கலகத்தையும் இரண்டு கழித்தல் என்று எழுதுவதுதான் வழக்கமான பிழை. கலகக்காரர் பழைய இலக்கையும் வழியையும் மறுத்து, அவற்றின் இடத்தில் புதியவற்றை வைக்கிறார். சடங்குத்தனம் பிறழ்வுதான், ஆனால் குற்றமல்ல. வேலையில் உயரும் நம்பிக்கையை விட்டுவிட்டு விதிமுறையை மட்டும் கட்டிக்கொண்டு அழும் அலுவலர் யாரையும் ஏமாற்றவில்லை. கேள்வியில் ‘குற்றம்’ மட்டும் இருக்கிறதா, ‘பிறழ்வு’ம் இருக்கிறதா என்று பார்த்தபின் இந்த வகைக்கு எத்தனை வரி கொடுப்பது என்று முடிவு செய்யுங்கள்.

மெர்ட்டனிலிருந்து அடுத்தவருக்குத் தாவும்போது ‘மேலும்’ போட்டு ஒட்டாதீர்கள். மெர்ட்டனால் எதை விளக்க முடியவில்லை என்று சொன்னாலே பாலம் அமைந்துவிடும். அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளச் சுவரில் கிறுக்குவதால் யாருக்கும் காசு வராது; அதுவும் பெரும்பாலும் கூட்டமாகச் செய்வது. கோஹன் (1955) அதற்குத்தான் பதில் சொன்னார்: பள்ளி தரும் அந்தஸ்தைப் பெற முடியாத பையன்கள் அதைத் தலைகீழாக்கித் தங்களுக்கென ஓர் அந்தஸ்து வரிசையை உருவாக்கிக்கொள்கிறார்கள். சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளிகளில் மாணவர்களைத் தேர்ச்சிப்படி பிரித்த விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவினை 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்த மாணவர்களிலிருந்து நீங்கிவிட்டது. கோஹனுக்குப் பழைய பிரிவை உதாரணமாக எடுத்தால் இறந்தகாலத்தில் எழுதுங்கள். குளோவர்டும் ஓலினும் (1960) வைத்த திருத்தம்: நேர்வழி அடைபட்டவர் எல்லாருக்கும் குறுக்குவழி திறந்திருப்பதில்லை, அதற்கும் அக்கம்பக்கத்தில் ஆள் வேண்டும். மனிதரைச் சமூகத்தோடு கட்டிவைப்பதாக ஹிர்ஷி (1969) சொன்ன நான்கு பிணைப்புகளுக்கு இரண்டு வரி போதும். அவர் கேள்வியையே திருப்பிப் போட்டு, மக்கள் ஏன் குற்றம் செய்வதில்லை என்று கேட்டவர்.

விமர்சனத்தைக் கடைசிப் பத்தியில் மொத்தமாகக் கொட்டாமல் அந்தந்த இடத்திலேயே வையுங்கள். குற்றத்துக்கு ஒரு பயன் இருப்பதாலேயே அது தோன்றிய காரணம் விளங்கிவிடாது. டர்கைமை எதிர்க்கும் மிக வலுவான வாதம் இதுதான். யாருக்குப் பயன் என்று மார்க்சியர் கேட்பார்கள், பாதிக்கப்பட்டவருக்கு என்ன பயன் என்றும் கேட்கலாம். மெர்ட்டனிடம் வேறு கேள்விகள்: எல்லா வழியும் கையில் இருக்கும் மேலாளர் ஏன் நிறுவனப் பணத்தைக் கையாடுகிறார்? வாய்ப்பு அடைபட்ட பெண்கள் ஏன் ஆண்களைவிடக் குறைவாகக் குற்றம் செய்கிறார்கள்?

ஒரு மணி நேரக் கட்டுரை என்றால் திட்டத்துக்கு 7 நிமிடம், டர்கைமுக்கு 15, மெர்ட்டனுக்கு 15, பின்வந்தவர்களுக்கு 12, முடிவுக்கு 6. மீதி 5 நிமிடத்தில் பெயரையும் ஆண்டையும் சரிபாருங்கள். டர்கைமிலேயே அரைமணி போய்விட்டால் மெர்ட்டனைக் குறைக்காதீர்கள், ஹிர்ஷியை விட்டுவிடுங்கள்.